ஒரு காய்ச்சலின் விலை என்ன?

வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருந்து வாங்கி வருகிறீர்கள். காய்ச்சலின் விலை ஒரு வெள்ளிதானா?

அம்மாவுக்கு நான்கு நாள் கொழுந்துக் கூலி போயிற்று. துணைக்கு இருந்த அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் வண்டிச் செலவு வேறு.

கொசுவை ஒழிக்க எவ்வளவு செலவிடலாம் என்று தீர்மானிக்கும் நிபுணர்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அதில் எத்தனை சிக்கல் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு.

1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தார். கிள்ளான் பட்டணத்திலும், அவ்வாண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) அந்த ஆண்டு காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 368 பேர். காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, சதுப்பு நீரை வடித்தார்கள். 1902-இல் பலி 59 ஆகக் குறைந்தது.

கால்வாயால்தான் குறைந்தது என்று எப்படி நம்புவது? அந்த ஆண்டு காய்ச்சலே குறைவாக இருந்திருக்கலாமே! அதற்குத்தான் வேலை நடக்காத சுற்றுவட்டாரத்தையும் பார்த்தார்கள். அங்கே 266 பலி 227 ஆயிற்று, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் இல்லையென்றால் எந்தக் கணக்கும் அரைக் கணக்கே.

சரி, அதே கணக்கைக் குன்றுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனால்? அங்கே காட்டை வெட்டியதும் மலேரியா கூடியது! வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறொரு வகைக் கொசு அங்கே இருந்தது. மண்ணுக்கடியில் குழாய் பதிக்கவும், ஓடையில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. முறையும் மாறியது, செலவும் மாறியது. ஓரூர்க் கணக்கு வேற்றூருக்கு அப்படியே செல்லாது.

இன்னொரு சிக்கல், யாருடைய நஷ்டத்தை எழுதுவது என்பது. வேலை நாளை மட்டும் எண்ணினால் கூலி வாங்கும் ஆள் மட்டுமே கணக்கில் வருவார். பாட்டியும் கைக்குழந்தையும் சுழியம். வீட்டில் சமைத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்பும் சுழியம். இது நியாயமா?

காலமும் குழப்பும். கால்வாய்ச் செலவு இன்று. பலனோ இருபது ஆண்டுக்கு. நாளை வரும் நூறு வெள்ளி இன்று கையிலுள்ள நூறுக்கு ஈடில்லை என்று நிபுணர்கள் வருங்காலப் பலனைக் கழித்து எழுதுவார்கள். கழிவைக் கூட்டினால், நல்ல கால்வாய்கூட வீண் செலவாகத் தோன்றும்.

ஆகவே, "இதற்குச் செலவிட்டால் கட்டுப்படியாகாது" என்று யாராவது சொன்னால் மலைத்து நிற்காதீர்கள். எந்த ஊரோடு ஒப்பிட்டீர்கள், யாரை விட்டுவிட்டீர்கள், எத்தனை ஆண்டுக்குப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நோய் வந்த நாள், போன கூலி, தவறிய பள்ளி நாள், வண்டிச் செலவு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். எழுதாத நஷ்டம் எவர் கணக்கிலும் ஏறாது.