அளவு குறையாமலே வரும் பிரசவ வலி

செம்மறியாட்டுக்கு ஈனும் நாள் நெருங்கும்போது அதன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மளமளவென்று இறங்கிவிடும். நியூசிலாந்து ஆய்வாளர் கிரஹாம் லிக்கின்ஸ் 1960களில் இதற்கான தூண்டுதலைத் தேடி, வயிற்றிலிருக்கும் குட்டியிடமே போய்ச் சேர்ந்தார். குட்டியின் உடலில் கார்ட்டிசால் ஏறியதும், நஞ்சுக்கொடியின் உற்பத்தி புரோஜெஸ்டிரானை விட்டு ஈஸ்டிரோஜன் பக்கம் திரும்புகிறது; கருப்பைத் தசையை அடக்கி வைத்திருந்த ஹார்மோன் விலக, வலி தொடங்குகிறது. மனிதரில் இந்தக் கணக்கு பொய்த்துப் போகிறது. அரை கிலோ எடையும் ஒரு சாண் அகலமும் கொண்ட மனித நஞ்சுக்கொடியின் கிளைகளைப் போர்த்தியிருக்கும் உறையில் செல்லுக்குச் செல் தடுப்பே கிடையாது. எண்ணற்ற உட்கருக்கள் ஒரே பரப்பில் பரவிக் கிடக்கின்றன. அந்த உறை தாயின் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்து, நிறைமாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 250 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் சுரக்கிறது. வலி எடுத்த பிறகும் அளவு விழுவதில்லை. நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகே விழுகிறது.

அப்படியானால் தசை எப்படி விழிக்கிறது? ஹார்மோனின் சொல்லைக் கேட்கும் ஏற்பிப் புரதம் மாறிவிடுகிறது என்பதே எனக்குச் சரியாகப் படும் விடை. புரோஜெஸ்டிரான் ஏற்பி ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்களில் உருவாகிறது. ‘பி’ வடிவம் முழு நீளம். ‘ஏ’ வடிவத்தில் முன்பகுதியின் 164 அமினோ அமிலங்கள் இல்லை. ‘பி’ தசையை அமைதிப்படுத்துகிறது. ‘ஏ’ அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. பிரசவ நேரத்துத் தசையில் ‘ஏ’யின் பங்கு கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைவிட அழுத்தமான சான்று மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை. ஏற்பியில் போய் அமர்ந்து புரோஜெஸ்டிரானுக்கு இடம் தராமல் செய்வதே அதன் வேலை. அவ்வளவிலேயே கர்ப்பம் நிலைகுலைகிறது.

அளவுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கருவுற்ற முதல் வாரங்களில், நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் முன், அதுவரை புரோஜெஸ்டிரானைச் சுரக்கும் சூலகத்தின் மஞ்சள் உடலத்தை அகற்றினால் கரு கலைந்துவிடும் என்பதை ஆய்வாளர் ஆர்பாட் சாப்போ 1970களில் நிறுவினார். ஆனால் ஹார்மோன் ஏற்கெனவே நிறைந்திருக்கையில் மேலும் ஊற்றுவதால் எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கவென்று அமெரிக்காவில் தரப்பட்ட, புரோஜெஸ்டிரானின் செயற்கை வடிவமான ஊசிமருந்து, 2003இல் நம்பிக்கை அளித்தது. பின்னர் நடந்த பெரிய சோதனையில் பயன் உறுதிப்படாததால் 2023இல் அதன் அனுமதி ரத்தானது. கருப்பை வாயின் நீளம் குறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரான் உதவுகிறது. ஆகவே புரோஜெஸ்டிரான் மருந்தை எழுதித் தந்தால், எந்தக் காரணத்துக்காக என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.