நகரக் கம்போஸ்ட்: வயலில் இறக்குமுன் கவனியுங்கள்

நகரத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், "மாநகராட்சிக் குப்பை உரம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அது எந்தக் குப்பையிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

நகரக் குப்பையை எருவாக்குவது புதிதல்ல. 1939-இல் டாக்டர் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையில், குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, மண்ணால் மூடி மக்க வைத்தார்கள். அன்றைய குப்பையில் காய்கறித் தோலும், சாம்பலும், இலைச்சருகும்தான் மிகுதி. இன்றோ பிளாஸ்டிக், கண்ணாடி, பாட்டரி, பெயிண்ட் டப்பா எல்லாம் கலந்து வருகின்றன. இவை மக்குவதில்லை. கண்ணாடிச் சில்லு நாற்று நடுவோரின் காலைக் கிழிக்கும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணிலேயே தங்கிக் கீரை, கிழங்கு வழியாக உணவில் சேரும். சேர்ந்தபின் அவற்றை மண்ணிலிருந்து நீக்க எளிய வழி கிடையாது.

ஆகவே, வீடுகளிலேயே தரம் பிரித்து வாங்கிய ஈரக்குப்பை, காய்கறிச் சந்தைக் கழிவு ஆகியவற்றிலிருந்து தயாரித்த உரமே நல்லது. சென்னை பெருங்குடி, கோவை வெள்ளலூர் போன்ற இடங்களில் பல ஆண்டுக் குப்பை மேடுகளைத் தோண்டிச் சலிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. இப்படிச் சலித்த மண் கறுப்பாக, எருப்போலவே தோன்றும். இத்தகைய மண் இலவசமாகக் கிடைத்தாலும், பகுப்பாய்வு அறிக்கையைப் பார்க்காமல் வயலில் கொட்டாதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு கிலோ நகரக் கம்போஸ்டில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது.

உரம் நன்றாக மக்கியதா என்பதை நீங்களே சோதிக்கலாம்:

1. குவியலில் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து எடுங்கள். கம்பி சுட்டால் உரம் இன்னும் மக்கவில்லை.

2. ஈரமாக்கிய உரத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். பிரிக்கும்போது மண்வாசனை வந்தால் நல்லது. துர்நாற்றம் வந்தால் வேண்டாம்.

3. ஒரு சட்டியில் தோட்ட மண்ணும், மற்றொன்றில் உரம் கலந்த மண்ணும் நிரப்பி, 20 பச்சைப்பயறு விதைகள் வீதம் ஊன்றுங்கள். உரச்சட்டியில் முளைப்பு குறைந்தால் அந்த உரத்தைத் தவிர்க்கவும்.

அரைகுறையாக மக்கிய உரத்தை இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.

நல்ல கம்போஸ்டை ஏக்கருக்கு 5 டன் வீதம் கடைசி உழவில் இடலாம். அதில் தழைச்சத்து குறைந்தது 0.8 சதவிகிதம் இருக்கவேண்டும். அதாவது டன்னுக்கு 8 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20 கிலோ. கம்போஸ்டின் சத்து மெதுவாகவே பயிருக்குக் கிட்டுவதால், மேலுரத்தை அடியோடு நிறுத்தவேண்டாம். மண் பரிசோதனைப்படி குறைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை சரியாக இருந்தாலும், முதல் தடவை 10 சென்டில் மட்டும் இட்டு, விளைச்சலைக் கண்டபின் மற்ற நிலத்துக்கு வாங்குங்கள்.