தோட்ட விளக்கு வாங்கும் முன் எக்ஸெலைத் திறங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் தோட்ட விளக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தோட்டத்துக்கு ஏற்ற 12 வோல்ட் மின்சாரம் உங்களுக்குப் புதியதல்ல. உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் எனக் குறைத்துத் தருகிறது. அதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். தோட்ட விளக்குக்கும் இதே வேலையைச் செய்யும் ஒரு பெட்டிதான் தேவை. இரண்டாவது விஷயம், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் "எக்ஸெலை வைத்து வீட்டில் என்ன செய்வது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். செய்வதற்கு நல்ல வேலை ஒன்று இதோ.

கும்பகோணத்துக்கு அருகில் என் அக்கா வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை. பின்வாசல் படியிலிருந்து கடைசியில் உள்ள கிணற்றடி வரை சரியாக 25 மீட்டர். மாலையில் விளக்கு இல்லாமல் அங்கே நடக்க முடியாது. பாம்பு பயம் வேறு. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "230 வோல்ட் எல்.இ.டி. பல்பு எட்டு மாட்டிடலாம்மா. மழைக்கு ஹோல்டர் மேல பாலிதீன் பை கட்டிட்டா போதும்" என்றார். அக்கா எனக்கு போன் செய்து, "தம்பி, இது சரிப்படுமா?" என்று கேட்டார். சரிப்படாது என்று உடனே சொன்னேன். அக்கா தினமும் செருப்பு இல்லாமல் ஈர மண்ணில் நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் விடுபவர்.

ஏன் சரிப்படாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஈரமான உடலின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் பட்டால் உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். உயிர் போக இது தாராளமாகப் போதும். வீட்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். அதே உடலில் 12 வோல்ட் பட்டால் 12 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கலாம், கையை எடுத்துவிடுவோம். தோட்டத்தில் வயரை மண்வெட்டி வெட்டும், பெருச்சாளி கடிக்கும், விளக்குக்குள் தண்ணீர் இறங்கும். இவை நடக்காமல் பார்ப்பது கடினம். நடந்தாலும் ஆபத்து வராமல் பார்ப்பதற்குத்தான் 12 வோல்ட்.

12 வோல்ட்டில் ஒரு சிக்கல்

இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் இதையே மாட்டிவிடலாமே? இங்கேதான் சிக்கல். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 40 வாட் விளக்குகள் 230 வோல்ட்டில் எடுப்பது 0.17 ஆம்பியர். 12 வோல்ட்டில் அதே 40 வாட்டுக்கு 3.33 ஆம்பியர் வேண்டும், அதாவது சுமார் இருபது மடங்கு. ஆம்பியர் அதிகமானால் வயரிலேயே வோல்ட் வீணாகும். வயர் நீளமாக, மெல்லியதாக இருந்தால் இன்னும் வீணாகும்.

இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மலிவாகக் கிடைக்கும் நீளமான, மெல்லிய யு.எஸ்.பி. கேபிளில் செல்போனைப் போட்டால் சார்ஜ் ஏற நேரமாகிறது அல்லவா? அதுவும் இதே கதைதான். புதிய யு.எஸ்.பி. சார்ஜர்கள் 5 வோல்ட்டோடு நிற்காமல் லேப்டாப்புக்கு 20 வோல்ட் வரை ஏற்றித் தருவதும், 2021ல் வந்த புதிய தரத்தில் 48 வோல்ட் வரை அனுமதித்திருப்பதும் இந்த ஆம்பியரைக் குறைக்கத்தான்.

ஆகவே தோட்ட விளக்கு வாங்கும்போது விளக்கின் அழகை முதலில் பார்க்காதீர்கள். முதலில் தூரம், அடுத்து வாட், பிறகு வயர். விளக்கின் டிசைன் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எக்ஸெலில் போடும் கணக்கு

முதலில் டேப் பிடித்துத் தோட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பெயின்ட் புரோகிராமில் ஒரு படம் வரைந்து, விளக்கு வரவேண்டிய இடங்களில் புள்ளி வைக்கலாம். பேப்பரில் வரைந்தாலும் தப்பில்லை. பிறகு எக்ஸெலைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் இதையே செய்யலாம். (செல்களின் பெயரை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.)

முதல் வரிசையில் தலைப்பு கொடுங்கள்: ஏ காலத்தில் இடம், பி காலத்தில் எண்ணிக்கை, சி காலத்தில் ஒரு விளக்கின் வாட், டி காலத்தில் மொத்தம். அக்கா வீட்டுக்கு நான் போட்டது இது: பின்வாசல் படியில் 3 வாட் விளக்கு இரண்டு, நடைபாதை ஓரத்தில் 4 வாட் நான்கு, கிணற்றடியில் 8 வாட் ஒன்று, கிணற்றுக்குப் பக்கத்து மாமரத்தின் அடியில் 10 வாட் ஸ்பாட் லைட் ஒன்று. டி2 செல்லில் சமக்குறி போட்டு பி2*சி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து டி5 வரை இழுங்கள். மற்ற வரிசைகளும் தாமாக நிரம்பும். டி6ல் ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் 40 என வரும்.

இப்போது கீழே வாருங்கள். பி8ல் 12 என வோல்ட். பி9ல் =டி6/பி8; 3.33 ஆம்பியர் கிடைக்கும். பி10ல் தூரம் 25. பி11ல் ஒரு மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸ். செம்பு ஃபிளெக்சிபிள் வயருக்கு இது 1 ஸ்கொயர் எம்.எம். என்றால் 0.0195 ஓம், 1.5க்கு 0.0133, 2.5க்கு 0.00798, 4க்கு 0.00495. கடைசியாக பி12ல் =2*பி10*பி9*பி11 எனக் கொடுங்கள். மின்சாரம் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். அதனால்தான் 2ஆல் பெருக்குகிறோம்.

1 ஸ்கொயர் வயருக்கு விடை 3.25 வோல்ட். 12ல் 3.25 போனால் கிணற்றடிக்குப் போய்ச் சேர்வது 8.75 வோல்ட்தான். அங்கே விளக்கு மங்கும், அல்லது விட்டு விட்டு எரியும். ஆளும் பேரும் விளக்கைக் குறை சொல்வார்கள். மாற்றி வாங்கி மாட்டினாலும் அப்படியேதான் எரியும். பத்து சதவீதம், அதாவது 1.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது நான் வைத்துக்கொள்ளும் எல்லை. பி11ஐ மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 1.5 ஸ்கொயர் 2.22, 2.5 ஸ்கொயர் 1.33. இரண்டும் தேறவில்லை. 4 ஸ்கொயரில்தான் 0.83 வருகிறது. 4 ஸ்கொயர் செம்பு 25 மீட்டருக்கு இரண்டு இழை என்றால் விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வயர் போட்டி போடும்.

(எல்லா விளக்குகளும் கடைசியில் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. வழி நெடுக விளக்குகள் பரவி இருப்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கூடுதலாகக் கணக்கிட்டு வாங்குவதில் நஷ்டமில்லை. பிறகு அக்கா இன்னொரு விளக்கு கேட்பார்.)

இந்த இடத்தில்தான் எக்ஸெல் உதவியது. கொல்லையின் நடுவில் மோட்டார் அறை இருக்கிறது. கூரை போட்டது, 230 வோல்ட் ஏற்கெனவே முறையாக அங்கே வந்திருக்கிறது. பெட்டியை வீட்டுச் சுவரில் வைக்காமல் அங்கே வைத்தால்? வயர் இரண்டாகப் பிரிந்து வீட்டுப் பக்கம் 12.5 மீட்டர், கிணற்றுப் பக்கம் 12.5 மீட்டர் போகும். கிணற்றுப் பக்கம்தான் பளு அதிகம்: நடைபாதை விளக்கு இரண்டு, கிணறு, மாமரம் சேர்த்து 26 வாட், 2.17 ஆம்பியர். பி9, பி10 இரண்டையும் மாற்றி, 1.5 ஸ்கொயர் வயரைப் போட்டால் இழப்பு 0.72 வோல்ட். வீட்டுச் சுவரிலிருந்து 4 ஸ்கொயர் இழுப்பதைவிட இது நன்றாக இருக்கிறது! தூரம் பாதி, ஆம்பியர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பதால் இரண்டும் சேர்ந்து இப்படிக் குறைகிறது. பெட்டியை எங்கே வைப்பது என்று யோசிக்காமலேயே பலரும் வயர் வாங்கப் போய்விடுகிறார்கள்.

நடுவில் வைக்க இடமே இல்லை, தோட்டமும் பெரிது என்றால் 24 வோல்ட் செட் வாங்குங்கள். ஆம்பியர் பாதியாவதால் இழப்பின் சதவீதம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் பெட்டி, விளக்கு எல்லாமே 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். கலந்து மாட்டினால் விளக்கு போய்விடும்.

பெட்டி எது, விளக்கு எது?

அந்தப் பெட்டியைக் கடையில் எல்.இ.டி. டிரைவர் என்பார்கள். விண்டோஸில் டிரைவர் என்றால் ஒரு புரோகிராம்; இங்கே அது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்! முழுப் பளுவில் அதை ஓட்டக் கூடாது. 80 சதவீதம் போதும். 40ஐ 0.8ஆல் வகுத்தால் 50. அதற்கு அடுத்து கடையில் கிடைக்கும் 60 வாட் டிரைவரை வாங்கினோம். "கான்ஸ்டன்ட் வோல்டேஜ், 12 வோல்ட் டி.சி." என்று எழுதியிருக்க வேண்டும். எஸ்.இ.எல்.வி. என்ற குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.இ.எல்.வி. என்றால், 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் தொடர்பே இல்லாதபடி பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். அது இல்லாத மலிவுப் பெட்டியில் 12 வோல்ட் என்ற பாதுகாப்பு வெறும் பெயருக்குத்தான். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். வீட்டில் சும்மா கிடக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். காற்றுக்காக ஓட்டை விட்ட இரும்புப் பெட்டி அது. எறும்பும் ஈரமும் உள்ளே போகும். அதேபோல், பழைய ஹாலஜன் விளக்குகளுக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரும் வேண்டாம். அவற்றில் பலவும் 20 வாட்டாவது பளு இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். சின்ன எல்.இ.டி. விளக்கை மாட்டினால் கண் சிமிட்டும்.

விளக்கின் மேல் ஐ.பி. 65, ஐ.பி. 67 என்று இருக்கும். இது இன்டர்நெட் ஐ.பி. அட்ரஸ் அல்ல! முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 44 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 65 பீய்ச்சி அடிப்பதைத் தாங்கும். 67 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஹோஸ் பைப் படும் இடத்துக்கு 65 வாங்குங்கள். மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் தரையில் புதைக்கும் விளக்கிலும் 67க்குக் கீழே போகாதீர்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பெயின்ட் அடித்த அலுமினியத்தைத் தவிர்த்து பித்தளை அல்லது நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்க்கலாம்.

நிறத்தில் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் எடுங்கள். 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் அதிகம். பூச்சிகள் அதற்குத்தான் அதிகம் வரும். பூச்சியைத் தேடிப் பல்லியும் தவளையும் வரும். தவளை வந்தால் அடுத்து யார் வருவார் என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சோலார் விளக்கு? வெயில் படும் இடத்தில் வழி காட்டப் போதும். மரநிழலிலும் ஐப்பசி மழையிலும் அதை நம்ப முடியாது.

மாட்டும்போது கவனிக்க

மோட்டார் அறையில் டிரைவருக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். இந்த 230 வோல்ட் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே தவிர, சூடாகாது என்று நினைக்க வேண்டாம். லூசான இணைப்பில் சில ஆம்பியர் ஓடினாலே பிளாஸ்டிக் உருகும். அதனால் வெளியே போகும் ஒவ்வொரு வயருக்கும் ஒரு ஃப்யூஸ் போட்டோம். வீட்டுப் பக்கம் 2 ஆம்பியர், கிணற்றுப் பக்கம் 3 ஆம்பியர். வயரை பி.வி.சி. பைப்புக்குள் விட்டு அரை அடி ஆழத்தில் புதைத்தோம். இணைப்புகளை வெறும் டேப் சுற்றி மண்ணுக்குள் விடாதீர்கள். ஜெல் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் கிடைக்கிறது. டி.சி. என்பதால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. சிவப்பு, கறுப்பு வயர் வாங்கினால் குழப்பம் வராது. ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒரு முழம் வயரைச் சுருட்டி விட்டு வையுங்கள். செடி வளர்ந்ததும் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரை எடுத்து கிணற்றடியில் அளந்தேன். 11.5 வோல்ட் காட்டியது. மாலை 6 முதல் 11 வரை டைமர் வைத்திருக்கிறோம். 40 வாட், 5 மணி நேரம், 30 நாள் என்று எக்ஸெலில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் மாதம் 6 யூனிட். இதைக் கேட்ட பிறகு அத்தான் டைமரை 12 மணி வரை நீட்டிவிட்டார்.