காற்று எந்த வழியாகப் போகிறது?

ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் பல பட்டறைகளில் வரும் முதல் பதில், “கம்ப்ரசர் போயிடுச்சு சார்.” அது பொய்யில்லை, பெரும்பாலும் கம்ப்ரசர் போய்த்தான் இருக்கும். ஏன் போனது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. புதிய கம்ப்ரசர் மாட்டியதும் வண்டி எழுந்து நிற்கும். உரிமையாளர் பெரிய தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவார். சில மாதங்களில் வண்டி மறுபடியும் உட்காரும். பழைய மெர்சிடிஸையோ ஆடியையோ லேண்ட் ரோவரையோ ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இப்படி இரண்டு முறை பணம் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்ரசரைத் தின்றது எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கசிவு. அதைப் பிடிக்காமல் எதை மாற்றினாலும் காசு வீண்.

இந்த அமைப்பில் காயில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பை இருக்கிறது. பலூன் என்றால் பட்டறையில் எல்லோருக்கும் புரியும். இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 500 கிலோ எடை நிற்கிறது. பலூனில் அந்த எடையைத் தாங்கும் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஏறக்குறைய 8 பார் அழுத்தம் வேண்டும். டயர்க் கடைக் கணக்கில் அது 116 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிப்பதோ 32, 35தான். இத்தனை அழுத்தத்தை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது மடிந்து மடிந்து விரியும் ரப்பர், விரல் தடிமன்கூட இல்லாத நைலான் குழாய்கள், காற்றை நான்கு மூலைகளுக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக்குக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையங்கள். எட்டுப் பத்து வருடத்தில் இவற்றில் ஒன்று தளர்வது இயல்பு. கசிவு தொடங்கினால், ஒரு நிமிடம் ஓட வேண்டிய கம்ப்ரசர் பல நிமிடம் ஓடுகிறது. பிஸ்டன் ரிங் தேய்கிறது, சூடேறுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது.

கசிவைத் தேட முதலில் வேண்டியது ஒரு அளவு டேப்பும் ஒரு இரவும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். காலையில் மறுபடி அளந்தால் எந்த மூலை இறங்கியது என்பது தெரிய வேண்டும். ஆனால் பல வண்டிகளில், குறிப்பாக லேண்ட் ரோவரில், தெரியாது. நிறுத்திப் பூட்டிய பிறகும் அதன் கன்ட்ரோல் யூனிட் அவ்வப்போது விழித்துப் பார்க்கிறது. ஒரு மூலை தாழ்ந்திருந்தால், வண்டி சாய்ந்து நிற்கக்கூடாதென்று மற்ற மூன்று மூலைகளிலிருந்தும் காற்றைத் திறந்துவிட்டு அதற்குச் சமமாக இறக்குகிறது. காலையில் நான்கு மூலையும் தாழ்ந்து கிடக்கும். பார்ப்பவர் நான்கு பலூனும் போச்சு என்பார். போனது ஒன்றுதான்.

அதனால் அந்த இரவு ஏர் சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். எது என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். யூனிட் தூங்கிவிட்டால் கசியும் மூலை மட்டும் தனியாக இறங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு வேலைக்குச் செலவே இல்லை. இருந்தும் இதைச் செய்து பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு.

எல்லா இறக்கமும் கசிவு அல்ல. வெயிலில் ஓடிவந்த வண்டியின் பலூனில் காற்று 40 டிகிரியில் இருந்து, விடியலில் 22 டிகிரிக்கு வந்தால், அதன் கொள்ளளவு ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்கும். ஃபியூஸ் பிடுங்கிய நிலையில் நான்கு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் தாழ்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

மூலை தெரிந்த பிறகு சோப்புத் தண்ணீர். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பது போலத்தான் இதுவும். பலூனின் மேல்பக்க இணைப்பு, குழாய் நுழையும் பித்தளை நட்டு, கீழே ரப்பர் மடியும் இடம் என்று வரிசையாகத் தெளித்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் விழும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வண்டி ஒரு உயரத்தில் நிற்கும்போது அந்த வெடிப்பு மடிப்புக்குள் இறுகி மூடிக்கொள்ளலாம், வேறொரு உயரத்தில் திறக்கலாம். ஆகவே உயர நிலை, சாதாரண நிலை இரண்டிலும் தெளித்துப் பார்க்காமல் பலூன் நல்லது என்று சான்று கொடுக்கக்கூடாது. பலூனில் எங்கும் குமிழி இல்லை, ஆனாலும் அந்த மூலை இறங்குகிறது என்றால் சந்தேகம் வால்வு பிளாக்கின் மேல் போகும். வால்வு பிளாக்கை விலக்கிவிட்டுப் பலூனுக்கு நேரடியாகக் காற்றடித்து ஒரு இரவு விட்டால் வழக்கு தீர்ந்துவிடும். உயரம் அப்படியே நின்றால் வால்வு பிளாக்கோ அதிலிருந்து வரும் குழாயோதான் கசிகிறது. வால்வு பிளாக்கில் ரப்பர் வளையங்கள் மட்டும் மாற்றினாலே போதுமான வண்டிகளும் உண்டு.

கம்ப்ரசருக்கு இப்போது வரலாம். அது ஓடவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸும் ரிலேயும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். கம்ப்ரசர் மாற்றும்போது ரிலேயையும் மாற்றச் சொல்வது அதனால்தான். சூடேறினால் கன்ட்ரோல் யூனிட் கம்ப்ரசரை நிறுத்திவிடும், ஆறியதும் மறுபடி ஓட விடும். தானாகச் சரியாகிவிட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் உள்ள மணிகள் நொறுங்கி அந்தப் பொடியாகி, வால்வுகளுக்குள் போய் அடைக்கின்றன. அதைச் சுத்தம் செய்யாமல் புதுக் கம்ப்ரசர் மாட்டினால் அடுத்த செலவு காத்திருக்கிறது.

ஒரு மூலை இறங்காமல் அளவுக்கு மேல் உயர்ந்து நின்றால் அது பெரும்பாலும் கசிவுப் பிரச்சினை அல்ல, உயரம் அளக்கும் சென்சாரைப் பார்க்க வேண்டும். அதன் சின்னக் கம்பி முனை கழன்றால், வண்டி தாழ்ந்திருப்பதாக யூனிட் நம்பிக் காற்றை அடித்துக்கொண்டே இருக்கலாம். பேட்டரி பலவீனமானாலும் ஸ்கேனரில் கோளாறு எண்கள் வரிசையாக வரும். அவற்றை எழுதிக்கொண்டு அழித்துவிட்டு, நல்ல பேட்டரியோடு மறுபடி படிக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. நைலான் குழாயைக் கடிக்கும் எலி ஒன்று, தேங்கிய மழைத்தண்ணீர் இன்னொன்று. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இல் கம்ப்ரசர் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், வண்டிக்கு அடியில் இருக்கிறது. மெர்சிடிஸ் டபிள்யூ 220 எஸ் கிளாஸில் முன் பம்பருக்குப் பின்னால். இரண்டும் தாழ்வான இடம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற ஒன்றைப் பார்த்த வண்டியை வாங்குகிறவர் முதலில் அங்கே குனிந்து பார்க்கட்டும்.

பட்டறையில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காற்றை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஒரு இணைப்பைத் தளர்த்தினால் வண்டி ஒரு நொடியில் இறங்கிவிடும். உயரத்தைத் தானாகச் சரிசெய்வதை நிறுத்தும் ஜாக்கி மோட் வண்டியில் இருந்தால் அதைப் போட்டு, உறுதியான ஸ்டாண்டுகளை வைத்து, பலூனில் உள்ள காற்றை முழுக்க இறக்கிய பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். புதிய பலூனில் காற்றடிக்கும் முன்பே வண்டியின் எடையை அதன் மேல் இறக்குவதும் தவறு. மடிப்பு கோணலாக விழுந்து கிழிந்துபோகும்.

இந்தத் தலைவலியே வேண்டாம், காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. புதிய கேள்வியும் அல்ல. 1957-இல் கேடிலாக் எல்டொராடோ பிரோம் காற்றுப் பலூனோடு வந்தபோதே கசிவு தாங்காமல் காயிலுக்கு மாறிய உரிமையாளர்கள் நிறைய. என் கருத்து, வண்டியைச் சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு ஒரு பலூன் போனதற்காக எல்லாவற்றையும் கழற்றி எறிவது நஷ்டம். ஆளும் சாமானும் ஏற்றினாலும் உயரம் மாறாத அந்தச் சுகம் போய்விடும். மின்சாரத்தில் கட்டுப்படும் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். நான்கு பலூனும், வால்வு பிளாக்கும், கம்ப்ரசரும் ஒருசேரக் கெட்டு, வண்டியின் விலையை விடப் பழுது விலை அதிகமானால் மட்டும் மாற்றலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கழற்றிய பழைய பாகம், உயரத்தைச் சரிசெய்து பதிவு செய்ததற்கான ஸ்கேனர் தாள், நான்கு மூலைகளின் அளவு. பில் கட்டுவதற்கு முன் வண்டி ஒரு இரவு பட்டறையிலேயே, ஃபியூஸ் பிடுங்கிய நிலையில் நிற்கட்டும். மறுநாள் காலை உங்கள் டேப்பால் நீங்களே அளந்து பாருங்கள்.