கொடுத்தற் சொற்கள்

ஆங்கிலத்தினின்று தமிழாக்கம் செய்யும் நம் மாணவர் ‘கிவ்’ என்பதற்குக் ‘கொடு’ என்று எழுதுவர். ‘பே’ என்பதற்கும் அதுவே. ‘கான்ட்ரிபியூட்’, ‘கிராண்ட்’, ‘சப்ஸ்கிரைப்’ எது வரினும் ‘கொடுத்தான்’ என்றே முடித்துவிடுவர். விடைத்தாள் திருத்துவோரும் அதனைப் பிழையென்று அடிப்பது அரிது. ஆங்கிலம் சொல்வளம் மிக்கது, தமிழ் வறியது என்னும் எண்ணம் இதனால் மாணவர் உள்ளத்தே ஊன்றிவிடுகின்றது. உண்மை அஃதன்று.

ஈ, தா, கொடு என்னும் மூன்றனையும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒருங்கே எடுத்து ஆராய்கின்றார். ஒருவன் மற்றொருவனிடம் ஒரு பொருளை வேண்டுங்கால், கேட்போன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்பான். ஒத்தவனாயின் ‘தா’ என்பான். உயர்ந்தவனாயின் ‘கொடு’ என்பான். ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. ‘கொடு’ படர்க்கைக்கு உரியது. எனக்குத் தருவாய், உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடுப்பேன் என்பதே பண்டை மரபு. அங்ஙனமாயின் உயர்ந்தோன் தனக்கு ஒன்று வேண்டிக் ‘கொடு’ என்பது எவ்வாறு பொருந்தும்? அவன் தன்னையே பிறன்போல நிறுத்தி ‘இவனுக்குக் கொடு’ என்பான் என அமைதி கூறுகின்றார் ஆசிரியர். கேட்கும்போதும் தலை தாழாதிருக்க ஒருவன் செய்யும் சூழ்ச்சி இது! இலக்கண நூலில் இத்துணை மனிதக் கூறுபாடு இருப்பதை நம்மவர் பலர் கருதுவதில்லை. மலையாள மொழி தரவு, கொடை என்னும் இட வேறுபாட்டை இன்றும் வழுவாது காத்து வருகின்றது. நாம் பெரும்பாலும் கைவிட்டோம்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. தாழ்ந்து கேட்போன் வாயினின்று வரும் ‘ஈ’ என்னும் அச்சொல்லினின்றே ‘ஈகை’ பிறந்தது. வறியார்க்கு ஒன்று கொடுப்பதையே திருவள்ளுவர் ஈகை என்றார். பிறர்க்குக் கொடுப்பன எல்லாம் கைம்மாறு கருதியன என்று ஒதுக்கினார்.

ஆங்கிலச் சொற்களின் வரலாறும் சுவையுடையதே. ‘பே’ என்பது இலத்தீனில் அமைதிப்படுத்துதல் என்னும் பொருளுடைய வினையினின்று வந்தது. கடன் கொடுத்தவனைச் சினம் தணிப்பதே அதன் முதற்பொருள். நாமோ கடனைத் தீர்க்கிறோம், அடைக்கிறோம். அவர் பார்வை கடன் கொடுத்தவன்மேல். நம் பார்வை கடன்மேல். ‘கிராண்ட்’ என்பதன் அடியில் நம்பிக்கை என்னும் பொருள் கிடக்கின்றது. ‘கான்ட்ரிபியூட்’ என்பதற்கு நம் சிற்றூர்த் திருவிழாக்களின் தலைக்கட்டு வரியைக் காட்டினால் போதும். வீட்டுக்கு இவ்வளவு என ஊரார் கூடிப் பங்கிட்டுச் செலுத்துவது அது. ‘சப்ஸ்கிரைப்’ என்பது கீழே எழுதுதல்; இன்ன தொகை தருவேன் என்று தாளின் அடியில் பெயர் எழுதுதலால் அப்பொருள் பெற்றது. இதனை வியக்கும் மாணவர், கடலூர்ப் பக்கத்துத் திருமண வீட்டில் ‘மொய் எழுதினேன்’ என்பாரை நினைத்துப் பார்க்க. எழுதுபவர் ஏட்டோடு அமர்ந்திருக்கும் வேறொருவர். பணம் வைத்தவரோ தாம் எழுதியதாகவே கூறுவர். திரும்பச் செய்ய வேண்டியதாதலின் அங்கு எழுத்தே முதன்மை பெற்றது. அது கொடையன்று, கணக்கு.

சிதம்பரத்திற்குச் சென்றாலோ இத்தகைய சொற்கள் தெருத்தோறும் கிடைக்கும். சிற்றம்பலத்திற்குப் பொன் தந்த சோழன் முதற்பராந்தகனை உலகம் ‘பொன் வேய்ந்தவன்’ என்றே புகழ்கின்றது. அத்தொடரில் கொடுத்தல் என்னும் சொல்லே இல்லை. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தில்லைக் கோயிலுக்கு வைத்த அறம் ‘கட்டளை’ எனப்படும். இன்னது இவ்வாறு நடைபெறுக என்று ஆணையிட்டு வைத்த பொருள் அது. பொருள் கைவிட்டுப் போயினும் வைத்தவர் சொல் போகாது. ஆங்கிலத்தில் ‘எண்டோ’ என்னும் வினைக்கு இவ்வழுத்தம் இல்லை என்பது என் கருத்து. அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929-இல் பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கு நிறுவியவர் அளித்தது நன்கொடை. மாணவர் கட்டுவது கட்டணம். அரசு வழங்குவது மானியம். மூன்றும் பணமே, மூன்று வினைகளையும் இடம் மாற்றி, மாணவர் கட்டணம் வழங்கினார் என்றோ, அரசு மானியம் கட்டிற்று என்றோ எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

உணவுக்கோ தமிழர் தனிச்சொல் வைத்தனர்: சோறு ‘இடுதல்’. வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. அங்கு நிகழ்வதைப் ‘பசியாற்றுதல்’ என்பர். இச்சொல்லில் கொடுப்போனும் இல்லை, கொள்வோனும் இல்லை. ஆற வேண்டிய பசி ஒன்றே உண்டு. ‘கிவ் ஃபுட்’ என்று ஆங்கிலப் பாடத்தில் வருமிடத்து, இனி நம் மாணவர் எச்சொல்லை எழுதுவர்?