சுழலும் தட்டும் சேமித்த செல்வமும்

விரைவே மேன்மை என்று எண்ணுவது இக்கால மக்களின் இயல்பு. கணினியின் வன்தட்டுப் பழுதுற்று, மாற்றுத் தட்டு வாங்கக் கடைக்குச் செல்வோர், “நிமிடத்துக்கு 5400 சுற்றா, 7200 சுற்றா?” என்றே முதலில் வினவுகின்றனர். இவ்வினா தவறானதன்று. ஆயினும், முதலாவதாகக் கேட்க வேண்டிய வினா இதுதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சுற்றின் கணக்கு

வன்தட்டினுள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் ஓர் அச்சிலே சுழல்கின்றன. அவற்றின்மேல் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்தவாறு ஒரு முனை தகவலைப் படிக்கின்றது. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றது. 1992 இல் சீகேற் நிறுவனத்தின் ‘பரகுடா’ 7200 சுற்றுகளை எட்டியது.

வேண்டிய தகவல் சுழன்று முனையின் கீழ் வரும்வரை கணினி காத்திருத்தல் வேண்டும். சராசரியாக இஃது அரைச் சுற்றுக்குரிய நேரமாகும். 5400 சுற்றுத் தட்டில் அது 5.6 மில்லிசெக்கன், 7200 சுற்றுத் தட்டில் 4.2 மில்லிசெக்கன். முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு இரண்டிலும் 9 மில்லிசெக்கன் செல்லும் எனக் கொண்டால், மொத்தக் காத்திருப்பில் மிச்சமாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நீண்ட கோப்பொன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது, மற்றெல்லாம் சமமாயின், 7200 சுற்றுத் தட்டு மூன்றில் ஒரு பங்கு அதிகம் வழங்கும். ஆனால் மற்றெல்லாம் சமமாயிருப்பது அரிது. தகவலை நெருக்கமாக எழுதிய புதிய 5400 சுற்றுத் தட்டு, பழைய 7200 சுற்றுத் தட்டை முந்திவிடுதலும் உண்டு. விரைந்து சுழலும் தட்டு பொதுவாக மின்சாரத்தையும் மிகுதியாகக் கொள்ளும். வெப்பமும் ஓசையும் கூடும்.

இன்னொன்றையும் கவனித்தல் நன்று. சில தட்டுகளில் தடங்கள், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல், ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும்படி எழுதப்படுகின்றன. நடுவில் உள்ள ஓட்டை மாற்ற அயலிலுள்ள ஓடுகளையும் அசைக்க வேண்டியிருப்பதுபோல, இத்தட்டுகளில் திருத்தி எழுதுவது தாமதமாகும். அடிக்கடி மாற்றி எழுதும் வேலைக்கு இவை உகந்தனவல்ல.

எவருக்கு எது?

கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதே நோக்கமாயின், சுழலும் தட்டுகளை ஒப்பிடுவதே வீண். எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழல்வது ஒன்றுமில்லை; ஆதலால் சுற்றுக்குக் காத்திருத்தலும் இல்லை. படங்களையும் பாடக் குறிப்புகளையும் சேர்த்து வைப்பதற்கு 5400 சுற்றுத் தட்டே போதும். பெரிய காணொளிக் கோப்புகளைச் சுழலும் தட்டிலேயே வைத்துத் தொகுப்போர் 7200 சுற்றை நாடலாம். எதை வாங்கினும், மடிக்கணினிக்கு 2.5 அங்குலமும் மேசைக்கணினிக்கு 3.5 அங்குலமும் வழக்கம் என்பதையும், தட்டின் தடிப்பும் இணைப்பும் பொருந்துகின்றனவா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

நாம் கற்ற பாடம்

எமது இல்லத்துக் கணினியின் தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலிக்கத் தொடங்கியபோது, நாமும் வேகத்தைப் பற்றியே ஒரு கிழமை ஆராய்ந்தோம். விலைகளை ஒப்பிட்டோம், அறிந்தவர்களிடம் விசாரித்தோம். அதுவரை பழைய தட்டிலேயே வேலையும் செய்து வந்தோம். புதிய தட்டு வீடு வந்த அன்று பழையது சுழல மறுத்துவிட்டது. காலஞ்சென்ற எம் தாயாரின் குரல் பதிந்த ஒரே ஒலிப்பதிவு அதனுள்ளே இருந்தது. புதிய தட்டு இன்றும் செவ்வனே சுழல்கின்றது. அந்தக் குரலை மட்டும் அதனால் தர முடியவில்லை.

ஆகவே, தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஓசை கேட்டதும், மற்ற வேலைகளை நிறுத்தி, மிக அருமையான கோப்புகளை முதலில் வேறிடத்துக்குப் படியெடுங்கள். கையில் உள்ள பணம் அளவானதெனில், விரைவான தட்டு ஒன்றிலும் சாதாரணத் தட்டுகள் இரண்டே மேல். ஒன்றில் மூலம், மற்றதில் படி. எத்தனை சுற்றுச் சுற்றினும் தட்டு ஒருநாள் நிற்கும். அன்று நம் கையில் எஞ்சுவது என்ன என்பதே நாம் முதலிற் கேட்க வேண்டிய வினா.