கிலுகிலுப்பைக்கு ஒரு வீடு

என் தந்தையார் பனையேறி. சிறு வயதில் அவர் எனக்கு முடைந்து தந்த ஓலைக் கிலுகிலுப்பையைச் சென்ற விடுமுறையில் எடுத்தேன்; ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. இன்னொன்று முடைய அவர் விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

ஆகவே ஒரு பெட்டி செய்தேன். பழப்பெட்டிப் பலகை, பழைய படச் சட்டத்தின் கண்ணாடி, இரண்டு கீல்கள். ஓலையை நிழலில் உலர்த்தினேன். ஈரமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காய்ந்தால் நொறுங்கும். மூலையில், துளையிட்ட தீப்பெட்டிக்குள் ஒரு நாப்தலீன் உருண்டை. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் உருகும் இப்பொருள், சாதாரண வெப்பநிலையிலேயே நேரடியாக ஆவியாகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ட பதங்கமாதல்தான்! இடுக்கிருந்தால் ஆவி வெளியேறிவிடும். எனவே கதவின் விளிம்பில் துணிப்பட்டை ஒட்டினேன். அந்த ஆவி நமக்கும் ஆகாது. பெட்டியைத் திண்ணையில்தான் வைத்திருக்கிறேன்.

கீழ்த்தட்டில் சுடாத களிமண் காளை. நுங்கு வண்டிக்கு இடமில்லை. அது காய்ந்து சுருங்கிவிடும்.

வெறுமனே பார்ப்பதற்கா பெட்டி? கிலுகிலுப்பை தொங்கும் குச்சியைக் கதவோடு நூலால் இணைத்தேன். திறந்தால் கலகலக்கும். அப்பா மூன்று முறை திறந்து மூடினார்.

“சத்தம் கொறஞ்சிருக்கே. ஒரு கல்லு விழுந்திருக்கும், தேடிப் பாருடா” என்றார்.